கோவையிலிருந்து கொழும்புக்கு இரண்டு சின்னப் பிள்ளைகளோடு: எதைக் கொண்டு வருவது, எதை விட்டு வருவது?

கேள்வி: நொய்யல்கரை

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்காரருக்குக் கொழும்பில் இரண்டு வருட வேலை. டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு வருகிறோம். பையனுக்கு நாலு வயசு தாண்டியிருக்கிறது, 16 கிலோ. பாப்பாவுக்கு வரும்போது 8 மாசம் நிறைந்திருக்கும், 8 கிலோ. வீடு வெள்ளவத்தையில், மரைன் டிரைவ் பக்கம், ஏழாவது மாடி. கடலைப் பார்த்த பால்கனி இருக்கிறது.

என் கேள்விகள் இவை. ஆர்.ஓ. மெஷின், மிக்ஸி, கிரைண்டர், கேஸ் ரெகுலேட்டர் எல்லாம் எடுத்துக்கொண்டு வரலாமா? பாப்பாவுக்கு 9ஆம் மாதத் தடுப்பூசி அங்கே வந்ததும் போட வேண்டியிருக்கும், இரண்டு நாட்டு அட்டவணையும் ஒத்துப்போகுமா? வழக்கமாக வீட்டில் வைத்திருக்கும் காய்ச்சல் மருந்துகளை மூட்டை கட்டிக்கொண்டு வரட்டுமா? பையனை எப்போது, எப்படிப்பட்ட பள்ளியில் சேர்ப்பது? தமிழ் பேசுகிற ஊர்தானே என்று நினைத்திருந்தோம், அதிலும் சிக்கல் இருக்கும் என்கிறார்கள். தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: பழைய மின்வயர்

வீட்டுச் சாமான் பற்றி மட்டும் நான் சொல்லுறன். பிள்ளைகளின் மருந்து விசயம் தெரிந்தவர்கள் எழுதட்டும்.

மின்சாரம் இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். மிக்ஸியும் கிரைண்டரும் ட்ரான்ஸ்ஃபோமர் இல்லாமலே ஓடும். பொருந்தாதது பிளக். கோவையில் இருக்கிறது உருண்டைப் பின். இங்கே பழைய வீடுகளில் 5 அம்பியர், 15 அம்பியர் உருண்டைப் பொயின்ற் இன்னும் இருக்கு, அதில் உங்கட பிளக் ஏறும். புதுத் தொடர்மாடி என்றால் பெரும்பாலும் 13 அம்பியர் சதுரப் பின். கடையில் விற்கிற எல்லாப் பின்னும் ஏறுகிற மாற்றிகளை வாங்கி ஒப்பேற்றாதீங்கோ. கிரைண்டர் போலக் கனமாக இழுக்கிற சாமானுக்கு அது சூடேறி உருகும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று: சதுரப் பொயின்றின் உள்ளே ஒரு மூடி இருக்கு. மேலே உள்ள நீளப் பின் நுழைந்தால்தான் கீழ் இரண்டு துளையும் திறக்கும். தவழுகிற பிள்ளை விரலையோ ஊசியையோ கீழ்த் துளையில் விட முடியாது. வாயைத் திறந்தபடி இருக்கிற மாற்றியை அதில் செருகி வைத்தால் அந்தப் பாதுகாப்பே போய்விடும். பிளக்கை வெட்டி சதுரப் பிளக் போடுவிப்பதுதான் சரி. சின்ன வேலை, எலக்ட்ரீசியன் அரை மணித்தியாலத்தில் நாலைந்து சாமானுக்குச் செய்து தருவார். பிளக்குக்குள்ளே இருக்கிற ஃபியூஸ் அந்தந்தச் சாமான் இழுக்கிற மின்சாரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், சின்ன விளக்குக்கு 3 அம்பியர். எல்லாவற்றுக்கும் 13 போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள், பக்கத்தில் நின்று பாருங்கோ. வீட்டுக்கு வந்த முதல் நாளே ட்ரிப் சுவிட்சில் இருக்கிற சின்ன டெஸ்ட் பொத்தானை அமத்திப் பாருங்கோ. விழ வேண்டும். விழாவிட்டால் வீட்டுக்காரரிடம் சொல்லி மாற்றுவித்த பிறகுதான் பிள்ளையைத் தரையில் விட வேண்டும்.

ஆர்.ஓ. வேண்டாம். அது உப்புத் தண்ணிக்கு உள்ள மெஷின். கொழும்புக்கு வருகிறது களனி ஆற்றுத் தண்ணியும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கத் தண்ணியும். சிறுவாணி குடித்த நாக்குக்கு அவ்வளவாக வித்தியாசம் தெரியாது. உப்புக் குறைந்த தண்ணியை ஆர்.ஓ.வில் விட்டால் பாதித் தண்ணி வீணாகும், வேறு பிரயோசனம் இல்லை. கவனிக்க வேண்டியது தொடர்மாடியின் நிலத்தடித் தாங்கியும் மொட்டைமாடித் தாங்கியும். குழாய்த் தண்ணி நல்லதாகவே வந்தாலும் தாங்கியில் அழுக்காகும். கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று மனேஜ்மென்டிடம் கேளுங்கோ, ஆறு மாசத்துக்கு மேலே போயிருந்தால் கழுவச் சொல்லுங்கோ. குடிக்கிற தண்ணியைக் கொதிக்க வைத்து, நன்றாகக் குமிழ்விட்ட பிறகு ஒரு நிமிடம் விட்டு இறக்கி, மூடி ஆறவிட்டால் போதும்.

கேஸ் ரெகுலேட்டரையும் விட்டு வாங்கோ. இங்கே பெரிய சிலிண்டர் 12.5 கிலோ, அதன் வால்வுக்கு ஏற்றதை சிலிண்டரோடு வாங்குவதுதான் பாதுகாப்பு. குழாயையும் புதிதாக வாங்குங்கோ.

இனி பால்கனி. ஏழாவது மாடி, நாலு வயசுப் பையன், தவழுகிற பிள்ளை என்று வாசித்தவுடனே எனக்கு யோசனை போனது அங்கேதான். மூன்று விசயம் அளந்து பார்க்க வேண்டும். கம்பிக்கும் கம்பிக்கும் இடைவெளி 10 சென்ரிமீற்றருக்குக் குறைவாக இருக்க வேண்டும், அதுக்கு மேலே என்றால் சின்னப் பிள்ளையின் உடம்பு நுழையும். கம்பி படுக்கையாக இருந்தால் அது பையனுக்கு ஏணி. நிற்கிற கம்பி என்றாலும் பக்கத்தில் கதிரை (நாற்காலி), பூச்சாடி, ஏ.சி.யின் வெளிப்பெட்டி எதுவும் இருக்கக் கூடாது, ஏறி நின்றால் உயரம் பாதியாகிவிடும். புறா வலை பிள்ளைக்குக் காவல் ஆகாது. வெயிலில் நைலோன் நாளடைவில் இற்றுப்போகும். ஸ்டெயின்லெஸ் கம்பி வலை அடிப்பதென்றால் 316 ரகம் என்று கேட்டு வாங்குங்கோ. 304 கடற்காற்றில் துருப்புள்ளி விடும், பிறகு இணைப்பில் இளகும். யன்னல் கொளுவிகளும் உப்பில் இறுகிப்போகும் அல்லது பூட்டாமல் நிற்கும், ஒவ்வொன்றாகப் பூட்டித் திறந்து பார்த்த பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்து வையுங்கோ. ஜெனரேற்றர் இருக்கா என்று கேட்டால் எல்லாரும் இருக்கு என்பார்கள். லிஃப்டையும் தண்ணி மோட்டரையும் அது ஓட்டுமா என்று கேளுங்கோ. பால்குடிப் பிள்ளையோடு ஏழு மாடி ஏறுவது சின்ன விசயம் இல்லை.

இன்னொன்று. மரைன் டிரைவுக்கும் கடலுக்கும் நடுவே கரையோர ரயில் பாதை போகுது. பல இடத்தில் வேலி இல்லை. கடற்கரைக்குப் போகிறவர்கள் தண்டவாளத்தைத் தாண்டித்தான் இறங்குகிறார்கள். கடல் இரைச்சலில் ரயில் வருகிற சத்தம் கேட்காது. பையனுக்கு முதல் நாளே கடுமையாகச் சொல்லி வைக்க வேண்டிய ஒரே சட்டம் இதுதான். கடலில் இறக்கவும் வேண்டாம், அங்கே பாறையும் இழுவையும் அதிகம்.

பதில் 2: கிளினிக் அட்டை

தடுப்பூசியும் காய்ச்சலும் என் பங்கு. கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதலில் தடுப்பூசி. இங்கே அரச அட்டவணை இப்படி: பிறந்ததும் பி.சி.ஜி.; 2, 4, 6 மாதங்களில் ஐந்து நோய்க்கான கூட்டு ஊசியும் போலியோவும்; 9 மாதத்தில் எம்.எம்.ஆர். (தட்டம்மை, அம்மைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும்); 12 மாதத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி; 18 மாதத்தில் முக்கூட்டு ஊசியும் போலியோவும்; 3 வயதில் இரண்டாவது எம்.எம்.ஆர்.; 5 வயதில் இருகூட்டு ஊசியும் போலியோவும். தமிழ்நாட்டில் 6, 10, 14 வாரத்தில் போட்டு முடித்திருப்பீர்கள். வாரமும் மாதமும் ஒத்துவரவில்லையே என்று பயப்பட வேண்டாம், மூன்று தடவை போட்டது மூன்றாகவே கணக்கு. திரும்பப் போடத் தேவையில்லை.

ஒத்துப்போகாத இடங்கள் இரண்டு. ஒன்று, அங்கே அரசு போடுவது எம்.ஆர்., அதில் அம்மைக்கட்டு (நீங்கள் சொல்லுகிற பொன்னுக்கு வீங்கி) இல்லை. இங்கே போடுவது எம்.எம்.ஆர். பாப்பாவுக்கு 9 மாதம் இங்கே வந்து நிறைவதால் நேரே எம்.எம்.ஆர். போட்டுவிடலாம். பையனின் அட்டையில் எம்.ஆர். என்று எழுதியிருக்கா, எம்.எம்.ஆர். என்று எழுதியிருக்கா என்று பாருங்கோ. எம்.ஆர். மட்டும் என்றால் இங்குள்ள பிள்ளை வைத்தியரிடம் காட்டி, விட்டுப்போனதைப் போடுங்கோ. இரண்டு, ரோட்டாவும் (வயிற்றோட்டத்துக்கானது) நியூமோகொக்கலும் (நிமோனியாவுக்கானது) இங்கே அரச அட்டவணையில் இல்லை. இந்திய அட்டவணையில் நியூமோகொக்கல் கடைசி ஊசி 9 மாதத்தில் வரும். அதைத் தனியார் வைத்தியசாலையில் கேட்டுப் போட வேண்டும். எல்லா நாளும் கையிருப்பில் இராது, ஆகவே வந்த முதல் கிழமையே (வாரமே) தொலைபேசியில் கேட்டுப் பதிந்து வையுங்கோ. மூளைக்காய்ச்சல் ஊசி பையனுக்கு அங்கே போட்டிருந்தால் திகதியோடு பதிவு வேண்டும், போடாவிட்டால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கோ. எம்.எம்.ஆர்., மூளைக்காய்ச்சல் ஊசி இரண்டும் உயிருள்ள கிருமி ஊசிகள். ஒரே நாளில் போடலாம், இல்லாவிட்டால் நடுவில் 4 கிழமை விட வேண்டும். இரண்டு கிளினிக்கில் மாறி மாறிப் போடுகிற வீடுகளில் இந்த இடைவெளிதான் தவறிப்போகிறது.

அட்டையை அச்செடுத்தும் படம் பிடித்தும் வைத்திருங்கோ. உங்கள் பகுதிக்குரிய சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக் கிளினிக்கில் காட்டினால் இங்குள்ள பிள்ளை வளர்ச்சிப் புத்தகத்தில் முந்தையதையெல்லாம் எழுதித் தருவார்கள். நிறை, உயரம் குறிக்கிற வளைகோடும் அதிலேயே இருக்கும். அந்தப் புத்தகம் இருந்தால் பிறகு எந்த வைத்தியரிடம் போனாலும் பேச்சு சுருங்கும்.

இனிக் காய்ச்சல். டிசம்பர், ஜனவரி கொழும்பில் டெங்கு கூடுகிற காலம். அது அடங்கினால் மே முதல் ஜூலை வரை தென்மேற்குப் பருவமழையோடு இன்னொரு சுற்று வரும். நீங்கள் வந்து இறங்குவதே அதன் நடுவில். அதனால்தான் மருந்து மூட்டையைப் பற்றி அழுத்திச் சொல்லுகிறேன்.

தமிழ்நாட்டு வீடுகளில் பிள்ளைக்குக் காய்ச்சல் 102ஐத் தாண்டினால் மெஃப்டால் கொடுக்கிற பழக்கம் இருக்கு. அது மெஃபெனமிக் அமிலம். ஐபுபுரோஃபென், ஐபுபுரோஃபெனும் பரசிட்டமோலும் கலந்த சிரப், டைக்ளோஃபெனக் எல்லாம் அதே கூட்டம். டெங்குவில் இவை இரத்தக்கசிவைத் தூண்டும், வயிற்றைப் புண்ணாக்கும். காய்ச்சல் ஏன் என்று தெரியாத முதல் நாட்களில் டெங்கு என்று நினைத்துத்தான் நடக்க வேண்டும். ஆகவே அவற்றை மூட்டையில் வைக்கவே வேண்டாம். இருந்தால் இரவு இரண்டு மணிக்குக் கை அதற்குத்தான் போகும்.

பரசிட்டமோல் மட்டும். அளவு கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளொன்றுக்கு நாலு தடவைக்கு மேல் இல்லை. இங்கே மருந்துக்கடையில் கிடைக்கிற சிரப்பில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம். உங்கள் பாப்பாவுக்கு 8 கிலோ என்றால் 120 மி.கி., அதாவது 5 மி.லி. பையனுக்கு 16 கிலோ என்றால் 240 மி.கி., 10 மி.லி. அங்கே 5 மில்லிலீற்றருக்கு 250 மில்லிகிராம் உள்ள போத்தலும் விற்கிறார்கள். பழைய போத்தலையும் இங்கே வாங்கியதையும் ஒரே தட்டில் வைத்து, "பையனுக்கு 10 மி.லி." என்று மனதில் வைத்திருந்தால் ஒருநாள் 500 மி.கி. போய்விடும். சொட்டு மருந்து இன்னும் ஆபத்து. அதில் ஒரு மில்லிலீற்றரிலேயே 100 மி.கி. பாப்பாவுக்கு அதில் 1.2 மி.லி. போதும். சிரப் என்று நினைத்து 5 மி.லி. கொடுத்தால் ஒரு முழு நாளுக்குரிய உச்ச அளவு ஒரே தடவையில் உள்ளே போகும், அப்படியே தொடர்ந்தால் ஈரல் தாங்காது. வீட்டில் ஒரே செறிவு, ஒரே போத்தல். தேக்கரண்டியால் அளக்காமல் ஊசி இல்லாத சிரிஞ்சால் அளவுங்கோ.

காய்ச்சல் தொடங்கிய நேரத்தைத் தாளில் எழுதி வையுங்கோ. வைத்தியர் கேட்கிற முதல் கேள்வி அதுதான். மூன்றாம் நாள் எஃப்.பி.சி. எனப்படும் முழு இரத்தப் பரிசோதனை செய்வது இங்கே வழமை. முதல் மூன்று நாட்களுக்குள் டெங்குக் கிருமியைத் தேடுகிற என்.எஸ்.1 பரிசோதனையும் செய்யலாம், ஆனால் அது இல்லை என்று வந்தால் டெங்கு இல்லை என்று அர்த்தமில்லை. ஒரு வயதுக்குக் குறைந்த பாப்பாவுக்கு மூன்றாம் நாள் வரை காத்திராமல் முதல் நாளே காட்ட வேண்டும். பிளேற்லெற் (இரத்தத் தட்டணு) ஒரு இலட்சத்துக்குக் கீழே போனால் வார்டில் அனுமதிப்பார்கள். எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிராதீங்கோ. உயிரைப் பறிப்பது பிளேற்லெற் குறைவதைவிட, இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதுதான். அந்தக் கசிவு பெரும்பாலும் காய்ச்சல் விடுகிற நேரத்தில் தொடங்கும். "காய்ச்சல் விட்டுட்டுது, பிள்ளை சோர்ந்து தூங்குது" என்று எல்லாரும் ஆறுதலாக இருக்கிற அந்த 24 முதல் 48 மணித்தியாலமே ஆபத்தான நேரம். விடாத வயிற்று நோவு, திரும்பத் திரும்ப வாந்தி, கை கால் குளிர்தல், மூக்கிலோ முரசிலோ (பல் ஈறு) இரத்தம், ஆறு மணித்தியாலமாகச் சலம் (சிறுநீர்) போகாமை, வழக்கத்துக்கு மாறான சிணுங்கல் அல்லது தூக்கம். ஒன்று இருந்தாலும் உடனே புறப்படுங்கோ.

குடிக்கக் கொடுப்பது ஜீவனி (ஓ.ஆர்.எஸ். கரைசல்), கஞ்சித்தண்ணி, செவ்விளநீர், பாப்பாவுக்குத் தாய்ப்பால். சிவப்பு, கபில (பழுப்பு) நிறப் பானங்கள் வேண்டாம், வாந்தியில் வந்தால் இரத்தமா என்று வைத்தியருக்குப் பிரித்தறியக் கஷ்டம். நிலவேம்புக் கசாயமும் பப்பாசி இலைச் சாறும் பற்றிப் பலர் சொல்லுவார்கள். சின்னப் பிள்ளைக்கு அந்தக் கசப்பு வாந்தியை வரவழைக்கும், வாந்தியோ நாங்கள் கவனித்துக்கொண்டிருக்கிற அபாய அறிகுறி. இரண்டும் குழம்பிப்போகும்.

நுளம்பு (கொசு) பற்றி: டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும், காலையிலும் பொழுதுபடுமுன்னும் அதிகம். பாப்பாவின் பகல் தூக்கத்துக்குத்தான் வலை வேண்டும். கூடாரம் போல மடங்குகிற வலையைக் கொண்டு வாங்கோ, அது உண்மையிலே பயன்படும். முட்டையிலிருந்து நுளம்பாக 7 முதல் 10 நாள், ஆகவே கிழமைக்கு ஒருநாள் சுற்றிப் பார்த்தால் சுழற்சி அறும். தொடர்மாடியில் எல்லாரும் மறக்கிற இடம் குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் அடியிலுள்ள தட்டு. பிறகு ஏ.சி. தண்ணி விழுகிற வாளி, பூச்சாடித் தட்டு, பாவிக்காத கழிவறைக் கோப்பை, பால்கனியில் கிடக்கிற விளையாட்டுச் சாமான். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருக்கத் தடைச் சட்டப்படி குடம்பி (கொசுப்புழு) கண்டால் வழக்கும் வரும், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்ப்பார். பூசுகிற நுளம்பு விரட்டியைப் பாப்பாவின் கையில் பூசாதீங்கோ, கை வாய்க்குத்தான் போகும்.

பதில் 3: மணிமாலை டீச்சர்

பள்ளி விசயம். இங்கே எல்லா முன்பள்ளியையும் மொண்டிசோரி என்றே சொல்லுவார்கள், உண்மையான மொண்டிசோரி முறை நடக்குதா என்பது வேறு கேள்வி. உள்ளூர்ப் பாடத்திட்டத்தோடு போகிறவை ஜனவரியில் தொடங்கும், மூன்று தவணை. சர்வதேசப் பாடசாலைகள் பெரும்பாலும் செப்டெம்பரில் தொடங்கும், பிரித்தானிய முறை. நீங்கள் டிசம்பர் கடைசியில் வருவதால் ஜனவரி மொண்டிசோரி பொருந்தும். ஆனால் இடத்துக்கு நவம்பரிலேயே எழுதிக் கேளுங்கோ. இரண்டு வருடத்தில் திரும்புவதென்றால் சர்வதேசப் பாடசாலையின் பெரிய நுழைவுக் கட்டணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கோ. திரும்பக் கிடைக்கிற வைப்புப் பணம் வேறு, கிடைக்காத அனுமதிக் கட்டணம் வேறு, ரசீதில் இரண்டும் தனித்தனி வரியில் இருக்க வேண்டும். கோவையில் ஜூனில் வகுப்புத் தொடங்கும் என்பதால் விலகும்போது சேர்ந்த திகதி, விலகிய திகதி, படித்த வகுப்பு மூன்றும் உள்ள கடிதம் வாங்க மறக்க வேண்டாம்.

தமிழ் பற்றிக் கேட்டீர்கள். எழுத்து ஒன்றுதான். சின்னப் பிள்ளை தடுமாறுவது சொல்லில். அதிலும் தெரியாத சொல்லைவிட, தெரிந்த சொல் வேறு அர்த்தத்தில் வருவதுதான் பிள்ளையைக் குழப்பும். நாங்கள் "கதிரையில இரு" என்றால் நாற்காலியில் உட்கார். கோவைப் பிள்ளைக்கு "இரு" என்றால் கொஞ்சம் பொறு. நின்றுகொண்டே இருக்கும், டீச்சர் சொல் கேட்கவில்லை என்று நினைப்பார். "கதைக்காதே" என்றால் பேசாதே. "டீச்சர் பேசினாங்க" என்று உங்கள் பையன் இங்கே யாரிடமாவது சொன்னால், டீச்சர் திட்டினா என்று எடுத்துக்கொள்ளுவார்கள். "வடிவா எழுது" என்றால் ஒழுங்காக எழுது, "கெதியா" என்றால் சீக்கிரம், "நோகுது" என்றால் வலிக்குது. சப்பாத்து (ஷூ), பாண் (பிரெட்), சீனி (சர்க்கரை), துவாய் (துண்டு), சவர்க்காரம் (சோப்பு), தும்புத்தடி (துடைப்பம்) இதெல்லாம் ஒரு கிழமையில் வந்துவிடும். மேலே சொன்ன நாலைந்தையும் மட்டும் வீட்டில் விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்து அனுப்புங்கோ.

பராமரிக்கிற ஆயாமார் பலர் சிங்களம் பேசுகிறவர்கள். பையனுக்கு ஐந்து சொல் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்: வத்துர (தண்ணீர்), படகினி (பசிக்குது), ரிதெனவா (வலிக்குது), எப்பா (வேண்டாம்), சூ (ஒண்ணுக்கு). முதல் மாசம் உடுப்பை நனைக்கிற பிள்ளைகளில் பலருக்குக் கழிவறைப் பழக்கம் இல்லாமலில்லை, கேட்கச் சொல் இல்லை. அதைப் பார்க்க மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். சேர்க்கும்போதே டீச்சரிடமும் உங்கள் வீட்டில் இதற்கெல்லாம் என்ன சொல்லுவீர்கள் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கோ.

விடுமுறை நாட்காட்டியில் ஒவ்வொரு மாதமும் பௌர்ணமி நாள் போயா விடுமுறை. அன்று பள்ளி, வங்கி இல்லை, இறைச்சிக் கடையும் பூட்டு. தமிழ்ப் புத்தகத்துக்கு வெள்ளவத்தையிலேயே கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கு. 1942இல் தொடங்கிய சங்கம். ஓடி விளையாட விகாரமகாதேவி பூங்கா, பக்கத்திலேயே பொது நூலகம்.

பதில் 4: புழுங்கலரிசி

சாப்பாட்டுக்கு எதையும் மூட்டை கட்ட வேண்டாங்க. வெள்ளவத்தைக் கடைகளில் பொன்னி, துவரம்பருப்பு, இட்லி அரிசி எல்லாமே கிடைக்கும், விலைதான் கூட. இட்லிக்கு இங்குள்ள வெள்ளை நாட்டரிசி நன்றாகவே வரும், அது புழுங்கல். 4 பங்கு அரிசிக்கு 1 பங்கு தோல் நீக்கிய உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். கோவைக் குளிருக்குப் பழகிய கணக்கில் ராத்திரி முழுக்க வெளியே வைத்தால் புளித்துப் பொங்கிவிடும். கொழும்பு வெக்கைக்கு 6 முதல் 8 மணி நேரம், பிறகு ஃப்ரிட்ஜ். பச்சையரிசி வாங்கிவிட்டால் இட்லி கல்லாகும், கேட்டு வாங்குங்க.

பாப்பாவுக்கு ராகி வேண்டுமென்றால் "குரக்கன் மா" என்று கேட்கணும். பாசிப்பயறு இங்கே வெறும் "பயறு". பழத்துக்குக் கோழிக்கூட்டு வாழை, மசித்தால் மெத்தென்று இருக்கும். பெரும்பாலும் பால்மா குடிக்கிற ஊர் இது, பாக்கெட் பால் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும். ஒரு வயசு வரைக்கும் பாப்பாவுக்கு இரண்டுமே குடிக்கத் தர வேண்டாம். தேனும் கூடாது. டயப்பரைக் கடையில் "பம்பர்ஸ்" என்றால்தான் உடனே எடுத்துத் தருவார்கள்.

கொண்டு வர வேண்டியவற்றில் முதல் இடம் காகிதங்களுக்கு. தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழில் பல நேரம் குழந்தையின் பெயர் இல்லாமலே இருக்கும். பாப்பாவுக்கு ஒரு வயசு ஆகவில்லை, இப்போதே போய்ப் பெயரைச் சேர்த்தால் கட்டணம் கிடையாது. அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் விரிவாகவும் சான்றிதழில் இனிஷியலோடும் இருந்தால் பத்தரமுல்லையில் குடிவரவுத் திணைக்களத்தில் கேள்வி வரும். திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்க. ஊருக்குப் போய்த் திருத்திவரச் சொன்னால் விசா நாட்கள் அதிலேயே ஓடிவிடும்.

தள்ளுவண்டி பெரிதாக வேண்டாம். காலி வீதி நடைபாதையில் ஏற்ற இறக்கம் அதிகம், ஆட்டோவிலும் மடங்காது. ஒரே மடிப்பில் சுருங்குகிற சின்ன வண்டி ஒன்றும், உடம்போடு கட்டிக்கொள்கிற பையும் போதும். கார் சீட் கட்டாயம் கொண்டு வாங்க. செயலியில் கூப்பிடுகிற கார்களில் அது இருக்காது. பெல்ட்டால் கட்டுகிற வகையாக இருந்தால் எந்தக் காரிலும் பொருத்தலாம். பெல்ட்டை இழுத்துப் பார்த்துப் பின் சீட்டில்தான்.

நொய்யல்கரை

எல்லாருக்கும் மிக்க நன்றி. மெஃப்டாலும் 250 சிரப்பும் இரண்டுமே எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. எடுத்து வைத்த பையிலிருந்து இப்போதே வெளியே எடுத்துவிட்டேன். இன்னும் ஒரே ஒரு சந்தேகம். ராத்திரி நேரத்தில் பிள்ளைக்கு முடியாமல் போனால் எங்கே போவது? குழந்தை டாக்டர்கள் சாயங்காலம் மட்டும்தான் இருப்பார்கள் என்று கேள்விப்பட்டேன்.

கிளினிக் அட்டை

பையிலிருந்து எடுத்தது மிகவும் நல்லது.

நீங்கள் கேட்டது சரிதான். பிள்ளை வைத்திய நிபுணர்கள் பகலில் அரச வைத்தியசாலைகளில் வேலை. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தனியார் வைத்தியசாலைகளில் பார்ப்பார்கள். அதற்கு முன்கூட்டியே நம்பர் எடுக்க வேண்டும், அதைத்தான் இங்கே "சனல் பண்ணுறது" என்பார்கள். சின்னத் தடிமன் (சளி), வயிற்றோட்டத்துக்கு உங்கள் தெருவிலேயே ஒரு குடும்ப வைத்தியரைப் பிடித்து வையுங்கோ. ஒவ்வொரு தடவையும் வேறு நிபுணரைச் சனல் பண்ணினால் பிள்ளையின் முந்தைய கதை யாருக்கும் தெரியாமல் போகும், ஒரே மருந்து இரண்டு பெயரில் எழுதப்படும்.

இரவில் அவசரம் என்றால் சனல் பண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். பொரளையில் லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை 24 மணித்தியாலமும் திறந்திருக்கும், பிள்ளைகளுக்கென்றே உள்ளது. பெரிய தனியார் வைத்தியசாலைகளிலும் அவசரப் பிரிவு இரவு முழுக்க இயங்கும். ஆனால் இரவில் பிள்ளை வைத்தியர் உள்ளே இருக்கிறாரா, பிள்ளைகளுக்கான தீவிர சிகிச்சைப் படுக்கை இருக்கா என்று பகல் நேரத்திலேயே உங்களுக்குக் கிட்டிய இரண்டு இடத்தில் கேட்டு எழுதி வையுங்கோ. வலிப்பு, மூச்சுத் திணறல், மயக்கம் என்றால் 1990. அது சுவசெரிய அம்புலன்ஸ், இலவசம், வெளிநாட்டவருக்கும் வரும். எடுத்தவுடன் சொல்ல வேண்டியது வீட்டு இலக்கம், ஒழுங்கையின் (சந்தின்) பெயர், எந்தப் பக்கத்தால் நுழைவது, பிள்ளையின் வயது. வெள்ளவத்தை ஒழுங்கைகள் காலி வீதியிலிருந்தும் மரைன் டிரைவிலிருந்தும் திறக்கும், சில ஒருவழி. எந்தப் பக்கத்தால் வாகனம் வர முடியும் என்று வந்த அன்றே நடந்து பார்த்து, முகவரியோடு தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கோ. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வருகிற ஆயாவுக்கும் அதைக் காட்டி வையுங்கோ.

போகும்போது கையில் எடுக்க வேண்டியவை: வளர்ச்சிப் புத்தகம், காய்ச்சல் தொடங்கிய நேரமும் கடைசியாக மருந்து கொடுத்த நேரமும் அளவும் எழுதிய தாள், அந்த மருந்துப் போத்தல், முன்பு எடுத்த எஃப்.பி.சி. அறிக்கை எல்லாம். பழைய அறிக்கையை வீட்டில் விட்டு வராதீங்கோ. இன்றைய எண்ணிக்கையை நேற்றையதோடு வைத்துப் பார்த்தால்தான் பிள்ளை எந்தப் பக்கம் போகிறது என்று வைத்தியருக்குத் தெரியும்.

பழைய மின்வயர்

ஒழுங்கை விசயத்தில் ஒன்று சேர்க்கிறேன். இரவில் காவலாளி கேற்றைப் பூட்டிவிட்டுப் பின்னால் போயிருப்பார். அவரின் தொலைபேசி இலக்கத்தையும் அதே தாளில் எழுதுங்கோ. ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் போகுமா என்றும் பார்த்து வையுங்கோ. போகாது என்றால் பிள்ளையைக் கையில் தூக்கிக்கொண்டு கீழே வந்து கேற்றடியில் நிற்பதுதான் கெதி.